டி டிரைவுக்கு அடியில்

ஏதாவது காணாமல் போனால் முதலில் பக்கத்தில் நிற்கிற ஆளை முறைத்துப் பார்க்கிற குணம் எனக்கு. சாவியைக் காணோம் என்று வீட்டில் எல்லோர் மேலும் பாய்வேன். சாவி என் சட்டைப் பையிலேயே கிடக்கும். இதைச் சொல்லி வீட்டில் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்க முடியாத ஒரு தடவையைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். அந்தத் தடவை, தன் தகப்பனாரின் ஒரே நல்ல போட்டோவைத் தானே அழித்துவிட்டதாக ஒரு மனிதன் ஐந்து வருடம் நம்பிக்கொண்டிருந்தான். அப்படி நம்ப வைத்தவன் நான்.

இரண்டாயிரத்து நான்காம் வருடம் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நானும் அவனும் கூட்டாக ஒரு கடை வைத்திருந்தோம். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், விசேஷ வீடுகளுக்குப் போட்டோ, வீடியோ எல்லாம் செய்வோம். அவன் உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. நான் அனுமந்தன்பட்டியில் விவசாயம் பார்த்த வீட்டிலிருந்து வந்தவன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அப்போதிருந்தே ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவனுடைய தகப்பனார் தேங்காய் மண்டி வைத்திருந்தார். அவரை நான் மாமா என்பேன், அவர் என்னை மருமகனே என்பார்.

கடையில் உருப்படியான கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதன் ஹார்டு டிஸ்கை அண்ணன் தம்பி தோட்டத்தைப் பிரிப்பது மாதிரி மூன்றாகப் பிரித்து வைத்திருந்தோம். ஒரு பங்கில் அவனுடைய விண்டோஸ். தமிழ் எழுத்துரு, ஆல்பம் டிசைன், வீடியோ வேலை எல்லாம் அவன் அதில் பார்ப்பான். இன்னொரு பங்கில் என்னுடைய லினக்ஸ். நடுவில் இருந்த டி டிரைவ் இரண்டு பேருக்கும் பொது. எடுக்கிற போட்டோ எல்லாம் அங்கேதான் போகும்.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இனாமாக வந்த சிடியை வைத்து லினக்ஸ் படித்தவன் நான். படித்ததைவிட அலட்டிக்கொண்டது அதிகம். வாடிக்கையாளர் கொண்டுவருகிற ஃபிளாப்பியிலும் பென் டிரைவிலும் வைரஸ் இல்லாமல் இருந்ததே இல்லை. அதனால் வெளியிலிருந்து வருகிற எதுவும் முதலில் என் லினக்ஸ் வழியாகத்தான் டி டிரைவுக்குப் போக வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க கலெக்டர் சார்" என்பான்.

விண்டோஸில் ஒவ்வொரு பங்கும் தானாக வந்து ஒரு எழுத்தை மாட்டிக்கொண்டு நிற்கும். லினக்ஸில் அப்படி இல்லை. ஒரு காலி ஃபோல்டரை உண்டாக்கி, இந்தப் பங்கை இந்த ஃபோல்டரின் மேல் வை என்று நாம் சொல்ல வேண்டும். அதற்குப் பேர் மவுண்ட் செய்வது. அந்தப் பங்கு எந்த முறையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் டி டிரைவ் ஃபேட் முறை. அதை ஒரு ஃபைலில் ஒரே வரியாக எழுதி வைத்துவிட்டால், கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் அதுவே மாட்டிக்கொள்ளும். முறை மாறிப்போனால் மாட்டாது. தப்பான வகை என்று திரையில் ஒரு வரி ஓடும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பாட்டுக்கு மேலே எழுந்து வரும். ஃபோல்டரும் அங்கேயே இருக்கும், வெறும் காலி ஃபோல்டராக.

இதற்கு மேல் நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். மெமரி கார்டைச் செருகினால் டி டிரைவில் அன்றைய தேதியில் ஃபோல்டர் போடும். ஃபோல்டர் போகிற வழியில் எது இல்லாவிட்டாலும் அதையும் உண்டாக்கிக்கொள்ளும். போட்டோவை நகல் எடுக்கும், இரண்டு பக்கமும் எண்ணிப் பார்க்கும், சரியாக இருந்தால் கார்டைத் துடைத்துவிடும். தேனியில் தெரிந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, நீ இங்கே இருக்க வேண்டிய ஆளே இல்லை என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே ஒரு மாதம் மிதந்தேன்.

அந்த வருடம் அவனுடைய தங்கைக்குக் கல்யாணம் வந்தது.

மாமா போட்டோவுக்கு நிற்க மாட்டார். மார்க்கத்தில் அது ஆகாது என்பது அவருடைய உறுதி. மற்றவர்களை ஒன்றும் சொல்ல மாட்டார், மகன் அதே தொழில் செய்வதையும் தடுத்ததில்லை. கடைக்கு வந்தால் மட்டும் கேமரா இருக்கிற பக்கம் முதுகைக் காட்டி உட்காருவார். "அந்தப் பெட்டிய மூடி வைங்க மருமகனே, அது என்னையவே பாக்குது" என்று கேலி பேசுவார். வாக்காளர் அட்டைக்காக ஒரே ஒரு முறை எடுத்திருந்தார்கள். கன்னங்கரேலென்று விழுந்திருந்த அந்தப் படம் உத்தமபாளையத்தில் யாருடைய படமாகவும் இருக்கலாம்.

நிக்காஹ் முடிந்து பெண்ணைக் குமுளிக்கு அனுப்புகிற நேரம். கார் வாசலில் நின்றது. அந்தப் பெண் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தா, ஒண்ணே ஒண்ணு. எனக்காக" என்றாள். மாமா தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டு பரீட்சை எழுத வந்தவர் மாதிரி விறைப்பாக நின்றார். நான் மூன்று எடுத்தேன். "முடிஞ்சுச்சா மருமகனே? இன்னும் முடியலையா?" என்று கேட்டபோது மகள் சிரித்துவிட்டாள். அதைப் பார்த்து அவரும் சிரித்தார். மூன்றாவது படம் அந்தச் சிரிப்பு. கேமராவின் சின்னத் திரையில் அதை நானும் அவனும் அந்தப் பெண்ணும் பார்த்தோம். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அது ஞாயிற்றுக்கிழமை. முந்தின வியாழக்கிழமை கடையில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒரு பூப்புனித நீராட்டு விழா அழைப்பில் தாய்மாமன் பேரைத் தப்பாக அடித்துவிட்டோம் என்று ஒருவர் கவுண்டரில் நின்று என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் அவன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

"மாப்ள, டி டிரைவ என்டிஎஃப்எஸ்ஸா மாத்திட்டேன்டா. ஃபேட்டுல நாலு ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா எழுத விட மாட்டேங்குது. கல்யாண வீடியோ பெருசா வரும்ல."

"சரி, சரி" என்றேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பழைய படங்கள் எதுவும் போகாமல் பங்கின் முறையை மட்டும் மாற்ற விண்டோஸில் வழி உண்டு. அதை அவன் ஒழுங்காகத்தான் செய்திருந்தான். நான் என் லினக்ஸில் அந்த ஒரு வரியை மாற்றியிருக்க வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம் கல்யாண வீட்டிலிருந்து நேராகக் கடைக்கு வந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, எழுந்து வருவதற்குள் எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனேன். வழக்கமாக அப்படித்தான். திரையில் ஓடிய வரியைப் பார்க்க அங்கே ஆள் இல்லை. திரும்பி வந்து கார்டைச் செருகினேன். ஸ்கிரிப்ட் வேலையை முடித்து, இருநூற்று நாற்பத்தெட்டும் சரி என்றது. கார்டைத் துடைத்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் அதே கார்டோடு சின்னமனூரில் ஒரு காதணி விழாவுக்குப் போய்விட்டேன். மத்தியானம் அவனிடமிருந்து போன் வந்தது.

"மாப்ள, தங்கச்சி கல்யாண ஃபோல்டர் எங்கனடா போட்ட? டியில காணோமே."

"கண்ணத் தொறந்து பாரு, தேதி போட்டு இருக்கும்."

"பாத்துட்டேன்டா. இல்ல."

விழா முடிந்ததும் ஓடி வந்தேன். விண்டோஸில் இல்லை. லினக்ஸைப் போட்டு, இந்த முறை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தேன். தப்பான வகை என்று வரி ஓடியது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. டி டிரைவின் முறையையே மாற்றிவிட்டு இவன் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்கிறான் என்று நினைத்தேன். ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வரியைத் திருத்தி, டி டிரைவை அதன் மேல் மவுண்ட் செய்தேன். பழைய கல்யாணங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இந்தக் கல்யாணம் மட்டும் இல்லை.

"காலையில டியில எதையாச்சும் அழிச்சியா?"

"வீடியோ ஏத்த எடம் பத்தல. பழைய ஃபோல்டரு அஞ்சாறு அழிச்சேன்."

"ஷிஃப்ட் அமுக்கியா?"

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான். ஷிஃப்டை அழுத்தி அழித்தால் குப்பைத் தொட்டியில்கூட இருக்காது.

"நேத்து எண்ணிப் பாத்து வச்சேன். இருந்துச்சு. இன்னைக்கி இல்ல. நடுவுல கை வச்சது யாரு? அதுவும் டிரைவ மாத்தி வேற வச்சிருக்க."

"அது வியாழக்கெழமையே மாத்துனதுடா. ஒங்கிட்ட சொன்னேன்ல."

"பேச்ச மாத்தாத" என்றேன்.

உண்மை முழுவதும் அவனுடைய அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. வியாழக்கிழமையே முறை மாறியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை டி டிரைவ் மாட்டியிருக்க முடியாது. மாட்டவில்லை என்றால் இருநூற்று நாற்பத்தெட்டு படம் எங்கே போனது? ஒரு நிமிடம் வாயை மூடியிருந்தால் எனக்கு அந்தக் கேள்வி வந்திருக்கும். நான் கத்திக்கொண்டிருந்தேன். அவன் மெல்ல மெல்லத் தன் கை விரல்களையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தான். "அவசரத்துல அதையும் சேத்து தேர்வு பண்ணிட்டேனோ" என்றான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அழிந்ததை மீட்கிற மென்பொருள் ஒன்றை வாங்கிவந்து டி டிரைவ் முழுக்க மூன்று நாள் துழாவினோம். எங்கள் கடைக்கு வந்து போன யார் யாரோ எழுந்து வந்தார்கள். மொட்டையடித்த குழந்தைகள், சீர்வரிசைத் தட்டுகள், பாதி உடைந்த மாப்பிள்ளை முகம். மாமா வரவில்லை. அவருக்கு ஆகாது என்பதால் வீடியோவிலும் அவரை எடுத்திருக்கவில்லை. கார்டில் அதற்குள் காதணி விழா ஏறியிருந்தது.

மாமா கடைக்கு வந்தார். மகன் அழுதுவிடுவான் போல நின்றிருந்தான். "இன்னொண்ணு எடுத்துக்கிறேன்த்தா" என்றான்.

"வேணாம்ப்பா. மகளுக்காக ஒருக்கா நின்னேன். அது நெலைக்கல. விடு" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்களும் அவன ஒண்ணும் சொல்லாதீங்க மருமகனே. வேணும்னேவா செஞ்சான்?" என்றார். நான் பெரிய மனதோடு மன்னிக்கிறவன் மாதிரித் தலையை ஆட்டினேன். அதை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

இரண்டு வாரம் கழித்து லினக்ஸில் இடம் பற்றவில்லை என்று தகவல் வந்தது. என் பங்கு அநேகமாக நிரம்பிவிட்டதாகக் காட்டியது. ஃபோல்டர் ஃபோல்டராகக் கூட்டிப் பார்த்தால் அரை ஜிபி கணக்கில் வரவில்லை. எங்கே போய்த் தொலைந்தது என்று ஒரு மத்தியானம் தேடினேன். எரிச்சல் வந்தது. புதுப் பதிப்பின் சிடி கையில் இருந்தது. போட்டோ எல்லாம் டி டிரைவில்தானே இருக்கிறது, என் பங்கில் என்ன இருக்கிறது என்று அதை ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்டுக்கொண்டேன். இடம் திரும்ப வந்துவிட்டது. அன்றைக்கு அது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

மூன்றாம் மாதம் மாமா இறந்துபோனார். மண்டி வாசலில் லாரி டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தவர், மூச்சு வாங்குகிறது என்று மூட்டை மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. குமுளியிலிருந்து அந்தப் பெண் வந்தாள். அடக்கம் முடிந்து நான் வாசலில் நின்றபோது உள்ளே அவள் தன் அண்ணனிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஒண்ணே ஒண்ணுதானண்ணே கேட்டேன். அதையும் ஒன்னால பத்திரமா வச்சுக்க முடியலையா?"

அதன் பிறகு ஊருக்கு வந்தால் அம்மாவிடம்தான் பேசினாள். அவனிடம் வந்தேன், போறேன் என்கிற அளவுக்குத்தான். அவன் கடைக்கு வருவது குறைந்தது. ஒரு நாள் வந்து, "அந்தக் கம்ப்யூட்டர்ல கை வைக்க முடியல மாப்ள. எதத் தொட்டாலும் போயிருமோன்னு இருக்கு" என்றான். அத்தாவின் மண்டியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் ஒரு வருடம் தனியாக இழுத்துப் பார்த்துவிட்டுக் கடையை மூடினேன். தேனியில் ஒரு மொத்த வியாபார அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது.

அங்கே சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இரண்டாயிரத்து ஏழில் அது நடந்தது. லினக்ஸ் சர்வரில் இடம் நிரம்பிவிட்டது. கூட்டிப் பார்த்தால் கணக்கு வரவில்லை. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. அந்த அலுவலகத்தில் தினமும் கணக்குகளின் நகல் தனி டிஸ்க் ஒன்றுக்குப் போகும். நடுவில் சில நாள் அந்த டிஸ்க் மாட்டாமல் இருந்து, பிறகு மாட்டியிருக்கிறது என்று பதிவேட்டில் தெரிந்தது. டிஸ்கைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த காலி ஃபோல்டரைத் திறந்தேன். காலி இல்லை. அந்தச் சில நாள் நகல்களும் அங்கே கிடந்தன. கட்டிலை இழுத்துப் போட்டதும் கீழே கிடந்த செருப்பு கண்ணுக்கு மறைந்துபோவது மாதிரி, மேலே மாட்டிய டிஸ்க் அவற்றை மறைத்து வைத்திருந்தது.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை டி டிரைவ் மாட்டவில்லை. என் ஸ்கிரிப்ட் வழியில் இல்லாததையெல்லாம் தானே உண்டாக்கிக்கொண்டு, படங்களை என் லினக்ஸ் பங்கிலேயே எழுதியது. எண்ணிக்கை சரியாகத்தான் வந்திருக்கும். மறுநாள் நானே டி டிரைவைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்து மூடினேன். இரண்டு வாரம் முழுவதும் மாமா அங்கேயே சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு முறை கழற்றிப் பார்த்திருந்தால் போதும். கணக்கில் வராத அந்த அரை ஜிபிதான் கல்யாணம். அதை ஃபார்மேட் செய்தவனும் நான்.

அன்றைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. போனது போனதுதான், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் மறந்திருப்பான் என்றும் சொல்லிக்கொண்டேன். ஊருக்குப் போகிற பஸ் உத்தமபாளையத்தில் நிற்கும்போதெல்லாம் தூங்குகிறவன் மாதிரிக் கண்ணை மூடிக்கொள்வேன். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

ஒரு நாள் தேனி மார்க்கெட்டுக்கு வந்தவன் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தான். ஆண் குழந்தை பிறந்திருந்தது, அத்தா பேரையே வைத்திருக்கிறானாம். குழந்தையின் போட்டோ இருந்தால் காட்டு என்றேன்.

"வீட்ல எடுத்து வச்சிருக்காக. நா எடுக்க மாட்டேன். படம் புடிக்க எங்கிட்ட செல்போனக்கூட குடுக்காதீங்கன்னு சொல்லிட்டேன். என் கை வெளங்காத கை மாப்ள" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டிக்குப் போனேன். அவன் மட்டும் இருந்தான். மேஜையில் கிடந்த ஒரு ரசீதைக் காட்டி, அதன் மேல் நோட்டை வைத்து மூடி, நடந்ததை அப்படியே சொன்னேன். தேனி அலுவலகத்தில் நான் பார்த்ததையும் சொன்னேன். அவன் நோட்டைத் தூக்கி ரசீதைப் பார்த்தான், திரும்ப மூடினான்.

"அப்ப நா அழிக்கலையா?"

"இல்ல மாப்ள."

"ஷிஃப்ட் அமுக்குனேனே."

"அது வேற ஃபோல்டரு. அந்தப் போட்டோ அங்கன இருந்ததே இல்ல."

"நா அழிக்கல" என்றான், இன்னொரு முறை. செல்போனை எடுத்தான். எண்ணைத் தேடுவதற்குள் கண் கலங்கி, துடைத்துக்கொண்டு மறுபடி தேடினான். குமுளியில் தங்கை எடுத்தாள்.

"அண்ணன்தாம்மா. அத்தா போட்டாவ நா அழிக்கலம்மா. இல்லம்மா, சத்தியமா. இப்பத்தான் தெரிஞ்சுச்சு."

அந்தப் பக்கம் அவள் ஏதோ கேட்டாள். அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டான்.

"தேனி ஆபீஸ்ல இதப் பாத்தது எப்ப?"

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது.

"ரெண்டு வருசம் ஆச்சு" என்றேன்.

அவன் திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. திட்டவில்லை. பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினான்.

"அப்ப யாரு அழிச்சதுன்னு கேக்குறா. நீயே சொல்லு" என்றான்.

போனை வாங்கிக் காதில் வைத்தேன். "அண்ணே, சொல்லுண்ணே, யாருண்ணே?" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.